ஹாக்கியில் ஸ்லாப் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைச் சீமையில் ஹாக்கி என்றால் முதலில் வாயில் வருவது கோவில்பட்டிதான். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். அதே தொடரில் ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர் என்றாலும் பயிற்சி எடுத்தது கோவில்பட்டியில். இவர்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் சுற்றுவட்டாரப் பள்ளி மைதானங்களில் விடிந்ததுமே ஸ்டிக்கோடு வந்து நிற்கிறார்கள்.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்த அடி ஸ்லாப், அதாவது ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவிட்டு வீசி அடிப்பது. ஸ்டிக்கைப் பந்தோடு ஒட்டித் தள்ளுகிற புஷ்ஷை விட வேகம் அதிகம், ஹிட்டுக்கு ஓங்குகிற அளவு ஓங்கவும் வேண்டாம். தடுக்க வருகிறவன் சுதாரிப்பதற்குள் பந்து போய்விடும். பார்த்தால் சுலபமாகத் தெரியும். அதனாலேயே தப்பும் சீக்கிரம் பழகிவிடுகிறது. ஸ்லாப் சரியாக வராத பிள்ளைகள் பெரும்பாலும் கையைத்தான் திருத்தப் பார்க்கிறார்கள். கோளாறு இருப்பது இடுப்புக்குக் கீழே.

முதல் தப்பு, நிமிர்ந்து நிற்பது. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஸ்லாப்பில் ஸ்டிக் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி வர வேண்டும். வாசல் பெருக்கும்போது வாரியல் எப்படித் தரையை விட்டு எழும்பாமல் போகுமோ, அப்படி. அதற்கு முழங்கால் நன்றாக மடங்க வேண்டும், இடுப்பு இறங்க வேண்டும், ஸ்டிக்கின் மேல் நுனியைப் பிடித்திருக்கும் இடது கை இடது முழங்காலுக்குக் கீழே வரை வர வேண்டும். பையன் நிமிர்ந்து நின்றால் ஸ்டிக் செங்குத்தாகிவிடுகிறது. அப்போது பந்தைச் சந்திக்கிற இடம் மிகச் சிறியது. கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் அடி பிசகும். ஸ்டிக் படுத்து வந்தால் தண்டின் ஒரு நீளம் முழுக்கப் பந்தின் பாதையில் இருக்கிறது, பிசகுவதற்கு இடம் குறைவு.

குனியச் சொன்னால் எல்லோரும் முதுகைத்தான் வளைக்கிறார்கள். கால் விறைத்தபடியே நிற்கும். முதுகை வளைத்து அடித்தால் தலை பந்தைத் தாண்டி முன்னால் போய்விடும், பலமும் வராது, கொஞ்ச நாளில் இடுப்பு வலியும் வரும். "ஏலே, முதுகை வளைக்காதல, முட்டியை மடக்கு" என்று எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பது நம் மண்ணைப் பார்த்தால் தெரியும். நம்மூர்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தொடங்குவது மண் தரையில். கரிசல் பக்கம் என்றால் மழைக்காலத்தில் ஒட்டும், தை மாசியில் வெடித்துவிடும். செம்மண் பக்கம் என்றால் சரளைக்கல். ஸ்டிக்கைத் தரையோடு கொண்டு வந்தால் எங்காவது இடறும். அதனால் பையன் தன்னை அறியாமலே ஸ்டிக்கை நாலு விரல் உயர்த்தி அடிக்கக் கற்றுக்கொள்கிறான். அந்தத் தரைக்கு அது புத்திசாலித்தனம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், ஏறியதும் அதே உயரத்தில் வீசினால் ஸ்டிக் பந்தின் மேல் பாதியில் படுகிறது. பந்து நசுங்கின மாதிரி உருண்டு நாலடியில் நிற்கிறது. தண்ணீர் தெளித்த டர்ஃப் வழுக்கிக் கொடுக்கும். அங்கே பயப்படாமல் ஸ்டிக்கைத் தரையில் தவழ விடலாம்.

ஒருவன் எப்படி அடிக்கிறான் என்று தெரிய அவன் ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தால் போதும். கொக்கியின் அடியில் மட்டும் பெயின்ட் தேய்ந்திருந்தால் அவன் நிமிர்ந்துதான் அடிக்கிறான். தண்டின் கீழ் விளிம்பிலும் ஒரு சாண் தூரம் கீறல் ஓடியிருந்தால் ஸ்டிக் படுத்து வருகிறது என்று அர்த்தம். இடது கை விரல் முட்டிகளிலும் பாருங்கள். டர்ஃபில் தாழ்ந்து அடிக்கிறவனுக்கு அங்கே தோல் உரிந்து காய்ந்த தடம் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் நடக்கிற தப்பு ஒன்றும் இதில் சேர்கிறது. வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று பெரிய ஸ்டிக்காக வாங்கிக் கொடுக்கிறார்கள், இல்லை அண்ணன் ஸ்டிக்கைத் தம்பிக்குக் கொடுக்கிறார்கள். விதிப்படி ஸ்டிக் 105 செ.மீ. நீளம், 737 கிராம் எடை வரை இருக்கலாம். அது உச்சவரம்பு. பத்து வயதுப் பிள்ளை அவ்வளவு பெரிய ஸ்டிக்கைத் தூக்கக் கூடாது. தரையில் நிறுத்தினால் இடுப்பெலும்பு உயரத்துக்கு வருகிற ஸ்டிக் போதும். நீளமான ஸ்டிக் பிள்ளையை நிமிர வைத்துவிடும். அப்புறம் குனி குனி என்று கத்திப் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது பந்து இருக்கிற இடம். இடது கால் முன்னால், பந்து அந்தக் காலின் நேரில் அல்லது ஒரு பந்தளவு முன்னால், உடம்பிலிருந்து நன்றாகத் தள்ளி. கால் பக்கத்திலேயே பந்தை வைத்துக்கொண்டு அடிக்கிறவர்கள்தான் அதிகம். பந்து கிட்டே இருந்தால் கை மடங்கிவிடும், ஸ்டிக் படுக்கவே படுக்காது. பந்து பின்தங்கி வலது காலுக்கு நேரே வந்துவிட்டால் ஸ்டிக்கின் முகம் நேராவதற்கு முன்பே அடி விழுந்து, பந்து வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். ரொம்ப முன்னால் போய்விட்டால் ஸ்டிக் மேலே ஏறத் தொடங்கிய பிறகு பந்தில் படும், பந்து எழும்பும் அல்லது இடப்பக்கம் இழுத்துக்கொள்ளும். பந்து எந்தப் பக்கம் தப்புகிறது என்று நாலு அடி கவனித்தால் எந்தத் தப்பு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பலம் வலது காலிலிருந்து இடது காலுக்கு எடை மாறும்போதுதான் பிறக்கிறது. அடித்து முடித்த பிறகு வலது குதிகால் இன்னும் தரையில் அழுந்தி இருந்தால் அடித்தது கை மட்டும்தான்.

கிரிப்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடது கை மேலே, வலது கை அதற்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு. வலது கையைத் தண்டின் பாதி வரை இறக்கினால் அது புஷ் ஆகிவிடும். கிரிக்கெட்டிலிருந்து வருகிற பையன்கள் முழங்கையை உயர்த்திப் பின்னால் தூக்குவார்கள், அதை முதல் வாரத்திலேயே நிறுத்த வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளும் இதே கிரிப்தான். ஹாக்கியில் இடக்கை ஸ்டிக் கிடையாது.

இப்போது செல்போன் வழியாக ஒரு புதுத் தப்பு வருகிறது. ஸ்லாப் என்று தேடினால் ஐஸ் ஹாக்கியின் ஸ்லாப்ஷாட் வீடியோக்கள் வந்து நிற்கின்றன. 2012-இல் ஐஸ் ஹாக்கி வீரர் ஸ்டேனோ சாரா மணிக்கு 175 கி.மீ. வேகத்தில் அடித்ததைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அங்கே ஸ்டிக்கைப் பின்னால் உயரத் தூக்கி, பக்குக்கு (பந்துக்குப் பதில் அங்கே அடிக்கிற தட்டையான ரப்பர் வட்டு) சற்று முன்னாலேயே ஐஸில் வேண்டுமென்றே மோதுகிறார்கள். தண்டு வில்லாக வளைந்து, நிமிரும்போது பக்கைத் தூக்கி எறிகிறது. பக் 156 முதல் 170 கிராம், நம் பந்து 156 முதல் 163 கிராம். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நம் ஸ்டிக் விறைப்பானது, அப்படி வளையாது. பந்துக்கு முன்னால் தரையில் மோதினால் வேகமெல்லாம் தரைக்குப் போய்விடும், அதிர்ச்சி மணிக்கட்டுக்கு வரும். தரையைத் தடவிக்கொண்டு வருவது வேறு, தரையில் அடிப்பது வேறு. பிள்ளைகளிடம் இதைப் பொறுமையாகச் செய்து காட்டுங்கள்.

சரி, பந்து எழும்புவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத்தான் நான் மிகவும் கண்டிப்பாகப் பார்ப்பேன். சர்வதேச ஹாக்கி விதிகளில் ஸ்லாப்பும் ஹிட் என்றே கணக்கு. கோலை நோக்கி அடிக்கிற ஷாட் தவிர வேறெங்கும் ஹிட்டில் வேண்டுமென்றே பந்தை எழுப்பக் கூடாது. பெனால்டி கார்னரில் (தப்புக்குத் தண்டனையாகக் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்குகிற வாய்ப்பு) முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால் பந்து 460 மி.மீ. உயரத்துக்குள் கோல் கோட்டைக் கடக்க வேண்டும். கோலின் பின்பலகை அதே உயரம்தான், அடித்தால் பலகையில் சத்தம் கேட்க வேண்டும். பள்ளி மைதானத்தில் பாதிப் பேருக்கு ஷின் பேட் கூட இருக்காது. அங்கே எழும்புகிற பந்து ஒரு பிள்ளையின் பல்லையோ கண்ணையோ எடுத்துவிடும். பந்து எழும்பக் காரணம் பெரும்பாலும் ஸ்டிக்கின் முகம் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பது. முகம் பந்தின் மேல் லேசாக மூடினாற்போல் வர வேண்டும். தண்டின் வளைவு அதிகமான ஸ்டிக்குகளில் முகம் சீக்கிரம் திறந்துகொள்ளும். விதி 25 மி.மீ. வளைவு வரை அனுமதிக்கிறது, டிராக் ஃப்ளிக் (பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வந்து சுண்டி எறிவது) அடிக்கிறவர்கள் அதை விரும்பி வாங்குவார்கள். ஸ்லாப் படிக்கிற பிள்ளைக்கு வளைவு குறைந்ததே நல்லது.

தலையை முன்கூட்டியே தூக்குவது எல்லா ஆட்டத்திலும் உள்ள தப்பு, இங்கேயும் உண்டு. எங்கே அடிக்கப் போகிறோம் என்று முன்னாலேயே பார்த்துவிட்டு, அடி விழும்வரை கண் பந்தை விட்டு நகரக் கூடாது. அடித்த பிறகு ஸ்டிக் தாழ்வாகவே குறியை நோக்கிப் போகட்டும்.

பயிற்சியில் நடக்கிற இரண்டு தப்பைச் சொல்கிறேன். ஒன்று, முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் அடிக்க விடுவது. பாதி வேகத்தில், பத்து மீட்டர் தள்ளி இரண்டு செருப்பை வைத்து அதற்கு நடுவே பந்தை அனுப்பச் சொல்லுங்கள். மண் தரையாக இருந்தால் ஒரு ஓரத்தில் சரளையைக் கூட்டித் தள்ளி, தண்ணீர் தெளித்து இறுக்கினால் ஸ்லாப்புக்கு மட்டும் ஒரு பட்டை கிடைத்துவிடும். இரண்டு, நிற்கிற பந்தையே அடித்துப் பழகுவது. மேட்சில் பந்து நிற்காது. ஓடிக்கொண்டே பந்தை முன்னால் தள்ளி, இடது கால் விழுகிற நேரத்தில் அடிக்கப் பழக்குங்கள்.

டோர்னமென்ட்டுக்காகக் கோவில்பட்டி டர்ஃபுக்குப் போனால், வார்ம் அப்பில் முதல் பத்து நிமிஷம் கோலுக்கு அடிக்க விடாதீர்கள். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, தாழ்ந்து, மெதுவாக ஸ்லாப் பாஸ் கொடுக்கட்டும். தரை இடறாது என்று முட்டிக்குத் தெரிந்த பிறகு கோலுக்கு முன்னால் இருக்கிற டி வட்டத்துக்குள் அனுப்புங்கள்.