ஓஎஸ்பிஎஃப்: 'ஃபுல்' என்று காட்டியும் ரூட் வராதது ஏன்?

லினக்ஸ் மெஷின் இரண்டில் எஃப்ஆர்ஆர் (லினக்ஸை ரவுட்டராக்கும் மென்பொருள்) போட்டு, நடுவே ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் புரோட்டோகால்) ஓட்டப் பத்து வரி கான்ஃபிக் போதும். ஆனால் அந்தப் பத்து வரியே சிலநாள் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

முதலில், எஃப்ஆர்ஆரில் எந்தெந்தச் சேவை ஓட வேண்டும் என்று சொல்லும் டீமன்ஸ் ஃபைலைப் பாருங்கள். ஓஎஸ்பிஎஃப்டி (ஓஎஸ்பிஎஃப்பை ஓட்டும் சேவை) அங்கே பெரும்பாலும் 'நோ' என்றுதான் இருக்கும். அதை 'யெஸ்' ஆக்கி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமல், கட்டளை ஏறவில்லையே என்று புலம்பிப் பயனில்லை.

அடுத்தது ஃபயர்வால். ஓஎஸ்பிஎஃப்புக்குப் போர்ட் எண்ணே கிடையாது. டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. நேராக ஐபி மேல் 89 என்ற புரோட்டோகால் எண்ணில் போகிறது. அந்த 89-ஐ அனுமதிக்க வேண்டும். பக்கத்து ரவுட்டரைத் தேடும் ஹலோ பாக்கெட், பலருக்கு ஒருசேரப் போகும் மல்டிகாஸ்ட் முகவரியான 224.0.0.5-க்குப் போவதால் மல்டிகாஸ்ட்டையும் தடுக்கக் கூடாது.

வழக்கமாக ஹலோ அனுப்பும் இடைவெளி 10 நொடி, ஹலோ வராவிட்டால் பக்கத்து ரவுட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டும் டெட் 40 நொடி. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள். ஏரியாவும் (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் பிரிவு) சப்நெட் மாஸ்க்கும் அப்படியே. விஎம்மைக் (மெய்நிகர் கணினி) குளோன் செய்தவர்கள், ரவுட்டருக்கு ரவுட்டர் வேறுபட வேண்டிய ரவுட்டர் ஐடியையும் பார்க்கவும். இரண்டிலும் ஒரே ஐடி என்றால் உறவே அமையாது.

நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) தெரிந்தும், உறவு முழுமையான 'ஃபுல்' நிலைக்கு வராமல் அதற்கு முந்தைய எக்ஸ்ஸ்டார்ட்டிலோ எக்ஸ்சேஞ்சிலோ நின்றால், பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியுவைச் சந்தேகியுங்கள். ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் ஜிஆர்ஈ டனலின் ஒரு முனையில் 1476, மறுமுனையில் 1500 என்று இருக்கும். பிங் சின்னப் பாக்கெட் என்பதால் ஜோராகப் போய் நம்மை ஏமாற்றும். இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் எம்டியு-இக்னோர் போட்டுவிடு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்போதைக்கு ஃபுல் ஆகிவிடும், பெரிய பாக்கெட் வரும் நாளில் மறுபடி மாட்டிக்கொள்வோம். இரண்டு முனையிலும் ஒரே எண்ணை வைப்பதுதான் சரி.

இதைவிடப் பொல்லாதது நெட்வொர்க் டைப். ஒருபக்கம் பிராட்காஸ்ட், மறுபக்கம் பாயிண்ட்-டு-பாயிண்ட். டைமர் இரண்டிலும் ஒன்றேதான், அதனால் ஃபுல் வரை சுகமாகப் போகும். ஆனால் ரூட் டேபிளில் ஒன்றும் ஏறாது. ஒரே கேபிளை ஒரு ரவுட்டர் நேர் இணைப்பு என்கிறது, மற்றது பலர் கூடும் நெட்வொர்க் என்கிறது. இரண்டு கூற்றும் பொருந்தாததால் பாதைக் கணக்கு அந்த இணைப்பையே ஒதுக்கிவிடுகிறது. இரண்டே ரவுட்டர் என்றால் இரண்டிலும் பாயிண்ட்-டு-பாயிண்ட் வையுங்கள். டிஆர் (நெட்வொர்க்கின் தலைமை ரவுட்டர்) தேர்தலும் மிச்சம்.

சரி, ரூட்டும் வந்தாயிற்று, ஆனால் பின்னால் உள்ள கணினிகள் மட்டும் பேசவில்லையா? கர்னலில் ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டை அடுத்த பக்கம் கடத்தும் வசதி) 0 ஆக இருக்கும். 1 ஆக்குங்கள். அப்புறம் மறக்காமல் கான்ஃபிக்கைச் சேமிக்கும் 'ரைட் மெமரி'.