மூன்று குந்தவை, இரண்டு கரிகாலன்: சோழர் பெயர்களில் நேரும் தவறுகள்

சோழர்களைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது பெயர்களில்தான். அத்தை பெயரை மருமகளுக்கும் வைத்த குடும்பம் அது. போதாக்குறைக்கு, 1950இல் தொடராக வரத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ அதே பெயர்களுக்கு வேறு முகங்களைக் கொடுத்துவிட்டது.

குந்தவையையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் ‘அக்கன் குடுத்தனவும்’ என்று சொல்வது தன் அக்காளை. அவன் மகளும் குந்தவைதான். கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்தவர். இவர்களுக்கு முன்பே, இராசராசனின் தாத்தா அரிஞ்சயனின் தேவியருள் வீமன் குந்தவை ஒருவர் உண்டு. ஆகவே கல்வெட்டில் பெயரைக் கண்டதும் நின்றுவிடாமல், யார் மகள், யார் மனைவி என்று முன்பின் வரிகளைப் பாருங்கள். ‘ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்’, ‘வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்’ என்றிருந்தால் அக்காள். இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது: அந்தப் பராந்தகன் முதலாம் பராந்தகன் அல்ல, அவன் பேரன் சுந்தர சோழன்.

கரிகாலன் விஷயத்தில் குழப்பம் இன்னும் மோசம். வெண்ணிப் போரில் வென்று, பட்டினப்பாலையில் பாடப்பட்டவன் சங்க காலத்தவன். ஆதித்த கரிகாலன் பத்தாம் நூற்றாண்டு இளவரசன், இராசராசனின் அண்ணன். கல்லணைப் படத்துக்குக் கீழே இவன் பெயரைப் போட்டுவிடக் கூடாது. இவன் கொலையைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டே ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழன்’ என்றுதான் குறிக்கிறது. ஆதித்தன் என்ற சொல்லைத் தேடினால் தவறவிட்டுவிடுவீர்கள்.

அதே கல்வெட்டில் ரவிதாசன் வருகிறான். நாவலில் மந்திரவாதி, கல்லிலோ ‘பஞ்சவன் பிரம்மாதிராசன்’ என்ற பட்டம் பெற்ற பெரிய அதிகாரி. பெயர் ஒன்று என்பதற்காக நாவலின் குணத்தைக் கல்வெட்டு ஆளுக்கு ஏற்றக் கூடாது. வந்தியதேவனுக்கும் இதுவே பொருந்தும்: குந்தவையின் கணவர் என்பது கல்வெட்டுச் செய்தி, குதிரைச் சவாரியும் குறும்பும் கல்கி கொடுத்தவை. நந்தினியையும் பூங்குழலியையும் கல்லில் தேடவே வேண்டாம்.

கோப்பரகேசரி, கோராசகேசரி இரண்டும் பெயர்களே அல்ல, சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். அவற்றுக்கு முன்னால் நிற்கும் அடைமொழிதான் ஆளைக் காட்டும்: ‘மதிரை (மதுரை) கொண்ட’ என்றால் முதலாம் பராந்தகன், ‘பாண்டியன் தலைகொண்ட’ என்றால் ஆதித்த கரிகாலன். அடைமொழி சிதைந்து வெறும் ‘கோப்பரகேசரி’ மட்டும் மிஞ்சியிருந்தால், எழுத்தமைதியையும் (எழுத்துகளின் வடிவம்) உடன் வரும் அதிகாரிகள் பெயரையும் பார்க்காமல் மன்னன் பெயரை எழுதிவிடாதீர்கள்.