தேடலில் அகப்படாத கௌரி: என் அனுபவம்

இணையச் சிற்றிதழ் ஒன்று என் சிறுகதையை ஏற்றுக்கொண்டு, அதே இதழில் வேறொரு கதையிலும் கௌரி என்றொரு பாத்திரம் வருவதால் பெயரை மாற்றித் தருமாறு கேட்டிருந்தது. தேடி மாற்றும் வசதியைக் கொண்டு கௌரியைச் சாரதாவாக்கி அனுப்பினேன். பதினோரு இடங்களில் பழைய பெயரே இருப்பதாக ஆசிரியர் எழுதினார். கண்ணுக்குத் தெரிந்த அந்தப் பெயர், தேடினால் இல்லை என்றே வந்தது.

பழைய கோப்பைத் தவறி அனுப்பிவிட்டேனோ என்று இருமுறை புதிதாக அனுப்பினேன், எழுத்துருவை மாற்றினேன், வேறு செயலியில் ஒட்டிப் பார்த்தேன். மூன்று நாள்கள் வீணாயின.

கடைசியில் அந்தப் பெயரின் ‘ரி’க்கு முன் சுட்டியை வைத்து ஒருமுறை பின்னழித்தபோது, ‘க’ மிஞ்சுவதற்குப் பதிலாக ‘கெ’ மிஞ்சியது. கதையின் முற்பாதி, பல ஆண்டுகளுக்கு முன் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டெழுதி, இன்று எங்கும் வழங்கும் யூனிகோடு முறைக்கு மாற்றியது. பாமினியில் ஔகாரக் குறிக்குத் தனி விசை கிடையாது. கொம்பையும் ளகரத்தையும் இருபுறமும் இட்டே எழுதுவோம். யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் அதை அப்படியே ‘கெ’, ‘ள’ என இரண்டு எழுத்துகளாக்கியிருக்கிறது. திரையில் சரியான ‘கௌ’வும் இந்தக் ‘கெள’வும் ஒன்றுபோலவே தெரிகின்றன.

எல்லா ‘ெள’வையும் மொத்தமாக மாற்றினால் வெள்ளமும் தெளிவும் சிதைந்துவிடும். ஆகவே கௌரி, மௌனம், பௌர்ணமி, சௌகரியம் எனச் சொல் சொல்லாகத் தேடித் திருத்தினேன். கதை அந்த வாரமே வெளியாயிற்று.