நைட்ரேட் இறங்கவில்லையா? முதலில் குழாய்த் தண்ணீரைச் சோதியுங்கள்

வாராவாரம் தண்ணீர் மாற்றியும் மீன் தொட்டியில் நைட்ரேட் 80 பிபிஎம்மிலிருந்து (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) இறங்க மாட்டேன் என்கிறதா? டெஸ்ட் கிட்டை எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போங்கள். தர்மபுரியில் போர் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடுதான் ஞாபகம் வரும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால் வயலில் போடும் யூரியாவும் கழிவுநீரும் மண்ணுக்குள் இறங்கி நைட்ரேட்டாகவும் நிலத்தடி நீரில் கலக்கும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டுப் போரில் 30 பிபிஎம் காட்டியது. அது தெரியாமல் மூன்று மாதம் ஃபில்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகி, பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, கடைசியில் நைட்ரேட்டாகத் தேங்குகிறது. சரி, வாரம் 10 பிபிஎம் ஏறும் தொட்டி என்று வையுங்கள். நைட்ரேட் இல்லாத தண்ணீரால் வாரம் கால் பங்கு மாற்றினால் நாளடைவில் 40-ஐத் தாண்டாது. அதே கால் பங்கை என் போர் தண்ணீரால் மாற்றினால் 70-ல் போய் நிற்கும், எத்தனை பக்கெட் ஊற்றினாலும் 30-க்குக் கீழே வரவே வராது. கப்பி, மோலி மீன் வளர்ப்பவர்கள் 40-க்குள் வைத்தால் போதும், 20 என்றால் நிம்மதி.

நைட்ரேட் சோதிக்கும் சொட்டு மருந்து கிட்டில் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்குங்கள். அடியில் படிந்திருப்பது கலக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

போரில் நைட்ரேட் இருந்தால் வீட்டு ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஆர்ஓ மட்டும் வேண்டாம், கப்பிக்கும் மோலிக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீடு என்றால் அதையும் ஒரு தடவை சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம், குளோரின் எடுக்கும் மருந்து போட மறக்காதீர்கள். போர் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து ஏர் பம்ப் போட்டு வையுங்கள், பூமிக்குள்ளிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவு.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 55 லிட்டர் பிடிக்கும், கால் பங்கு என்றால் பெரிய பக்கெட் ஒன்று. டியூபை மணலுக்குள் விட்டு அழுக்கோடு உறிஞ்சுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை அப்படி உறிஞ்சி எடுத்த பக்கெட் தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள், குழாயில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். நைட்ரேட் ரொம்ப ஏறிக் கிடந்தால் பதறி ஒரே நாளில் முழுக்க மாற்றாதீர்கள், மீன் தாங்காது. இரண்டு நாளுக்கு ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு போதும். மணி பிளான்ட் வேரைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் அதுவும் கொஞ்சம் நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், நல்ல மழை பெய்து முடிந்ததும், கோடையில் போர் மட்டம் இறங்கும்போதும் குழாய்த் தண்ணீரை மறுபடி சோதியுங்கள். போன வருட அளவு அப்படியே இருக்காது.