டிரைவர் தேடி அலையாதீர்கள்: லினக்ஸும் வயர்லெஸ் மவுஸ் டாங்கிளும்

லினக்ஸில் வயர்லெஸ் மவுஸ் நகரவில்லை என்றதும் பலரும் முதலில் தேடுவது டிரைவரை. பெட்டியோடு வந்த டாங்கிளுக்கு (கணினியில் செருகும் குட்டி யூஎஸ்பி ரிசீவர்) பெரும்பாலும் அது தேவையே இல்லை. கணினிக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ் மாதிரிதான் தெரியும். மவுஸையும் டாங்கிளையும் இணைக்கும் பேரிங் தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். செருகினால் போதும்.

டாங்கிளைத் தொலைத்துவிட்டு வேறொன்றை வைத்துச் சமாளிக்கப் பார்க்கும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. மவுஸும் டாங்கிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன என்பதற்காக மட்டும் ஒன்றோடொன்று பேசிவிடாது. லாஜிடெக் நிறுவனத்திலேயே யூனிஃபையிங், போல்ட் என்று இரண்டு முக்கிய வகை. ஒன்றுக்கான மவுஸ் மற்றதில் சேராது. ஆரஞ்சு நிறக் குறி இருந்தால் யூனிஃபையிங். இந்த இரண்டில் எதுவானாலும் ஒரே டாங்கிளில் 6 கருவிகள் வரை சேர்க்கலாம். இது தெரியாமல் கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று என இரண்டு போர்ட்டை அடைத்து வைத்திருப்பவர்கள் நிறைய.

லாஜிடெக் டாங்கிளில் கருவிகளைச் சேர்ப்பதற்கு 'சோலார்' என்ற மென்பொருள் இருக்கிறது (சூரிய மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). திறந்ததும் அனுமதி இல்லை என்று சொன்னால், உடனே சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு ஓட்டுவது தவறான பழக்கம். கருவியை யார் அணுகலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதி இன்னும் அமலுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த விதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டாங்கிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். யூனிஃபையிங்கில் வரிசையும் முக்கியம்: முதலில் சோலாரில் பேரிங்கைத் தொடங்க வேண்டும், அப்புறம் மவுஸை அணைத்துப் போட வேண்டும். மாற்றிச் செய்துவிட்டு மவுஸ் கெட்டுப்போனது என்பார்கள்.

பேரிங் விவரம் பதிவாவது டாங்கிளில்; கணினியில் அல்ல. அதனால் லினக்ஸை அழித்துப் புதிதாக நிறுவினாலும் அதில் எதுவும் மாறாது. ஆனால் கையில் இருக்கும் ஒரே மவுஸை 'அன்பேர்' (இணைப்பை நீக்குவது) செய்து பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம். நான் செய்திருக்கிறேன். அதன்பின் அம்பு அசையவில்லை, கீபோர்டின் டேப் விசையை வைத்தே மீண்டு வந்தேன்.

மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறதா? யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளும் கேபிள்களும் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் வந்து மோதும். வெளி ஹார்டு டிஸ்க் பக்கத்திலேயே டாங்கிளைச் செருகாதீர்கள். ஒரு சிறிய நீட்டிப்பு கேபிள் போட்டு மேசைமேல் வைத்தால் சரியாகிவிடும். சிறிது நேரம் சும்மா இருந்ததும் மவுஸ் தூங்கிப்போனால் பவர்டாப், டிஎல்பி போன்ற மின்சேமிப்பு மென்பொருள்கள் செய்த யூஎஸ்பி மின்சேமிப்பு அமைப்பைப் பாருங்கள்.

பழைய டாங்கிள் என்றால் இன்னொரு வேலையும் பாக்கி. 2016இல் வெளியான மவுஸ்ஜாக் என்ற பாதுகாப்பு ஓட்டை வழியாக, அருகிலிருக்கும் ஒருவர் உங்கள் கணினியில் விசைகளைத் தட்ட முடியும். பல லாஜிடெக் டாங்கிள்களுக்கு எஃப்டபிள்யூஅப்டி என்ற லினக்ஸ் கருவி மூலமே ஃபர்ம்வேரை (டாங்கிளுக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பிக்கலாம்.