அமெரிக்க டிவி சிண்டிகேஷனில் விளம்பர நேரம் வாங்குவது எப்படி?

சிங்கப்பூரில் விளம்பர ஏஜென்சி வேலையில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது, அமெரிக்கச் சந்தைக்கான திட்டம் ஒன்று கைக்கு வந்து, "சிண்டிகேஷனையும் சேர்த்துப் பார்" என்று மேலாளர் சொல்லும்போதுதான். இங்கே வசந்தம் என்றால் தீவு முழுக்க ஒரே ஒளிவழி, நேரம் வேண்டுமென்றால் அதை நடத்தும் மீடியாகார்ப்பிடம் பேசலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே 210 உள்ளூர்ச் சந்தைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தனித்தனி நிலையங்கள். ஒரு நிகழ்ச்சியை நெட்வொர்க் (நாடு முழுக்க உள்ள தன் நிலையங்களுக்கு நிகழ்ச்சி தரும் பெரிய டிவி கம்பெனி) வழியாக அனுப்பாமல் அந்த நிலையங்களுக்கு ஊர் ஊராக விற்பதுதான் சிண்டிகேஷன்.

அதில் இரண்டு வகை. ஒன்று, நெட்வொர்க்கில் ஓடி முடிந்த தொடரின் மறு ஒளிபரப்பு. 'ஸ்டார் டிரெக்' 79 எபிசோடோடு 1969ல் நின்றுபோனது. அது பெரிய ரசிகர் கூட்டத்தைப் பிடித்தது அதற்கப்புறம், சிண்டிகேஷனில்தான். பழைய தொடருக்கு 100 எபிசோடாவது இருக்க வேண்டும் என்று சொல்வார்கள், ஏனென்றால் வாரத்துக்கு ஐந்து நாள் போட்டால் 20 வாரத்துக்குத் திரும்ப வராது. இன்னொன்று, சிண்டிகேஷனுக்கென்றே எடுப்பது: 1986 முதல் 2011 வரை ஓடிய ஓப்ரா வின்ஃப்ரீயின் நிகழ்ச்சி அப்படித்தான்.

சரி, பணம் எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம், விஷயமே இங்கேதான் இருக்கிறது. நிலையம் காசு கொடுத்து நிகழ்ச்சியை வாங்கலாம். இல்லையென்றால் பார்ட்டர், அதாவது பண்டமாற்று: நிகழ்ச்சியை நிலையங்களுக்கு விற்கும் விநியோகஸ்தர் காசு வாங்காமலோ குறைவாக வாங்கிக்கொண்டோ நிகழ்ச்சியைத் தருவார், பதிலுக்கு அதிலுள்ள விளம்பர நேரத்தில் ஒரு பங்கைத் தன் கையில் வைத்துக்கொள்வார். அரை மணி நிகழ்ச்சியில் ஏழு நிமிட விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை நிமிடத்தை அவர் நாடு முழுக்க விற்கிற கம்பெனிகளுக்கு விற்பார், மீதியை நிலையம் அந்த ஊர்க் கார் டீலருக்கும் பல் மருத்துவருக்கும் விற்கும். ஒரே நிகழ்ச்சிக்குள் இரண்டு வியாபாரிகள். அதனால் யார் கையிலிருக்கும் நிமிடத்தை வாங்குகிறோம் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரே ஊரில் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் என்றால் நிலையத்திடம் போங்கள், நாடு முழுக்கச் சரக்கு போகிறது என்றால் விநியோகஸ்தரிடம்.

விளம்பரதாரர்களுக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிப்பு? நெட்வொர்க்கின் பிரைம் டைமைவிட, அதாவது அதிகம் பேர் பார்க்கும் இரவு நேரத்தைவிட, பொதுவாக மலிவு, தினமும் அதே நேரத்தில் அதே ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், மறு ஒளிபரப்பு என்றால் யார் பார்க்கிறார்கள் என்பது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்', 'ஜெப்பர்டி' மாதிரி வினாடி வினா, போட்டி நிகழ்ச்சிகளைப் பெரும்பாலோர் பதிவுசெய்து வைக்காமல் அன்றைக்கே பார்த்துவிடுகிறார்கள், ஆகவே விளம்பரத்தைப் பார்க்காமல் வேகமாக ஓட்டித் தாண்டிவிடுவதும் குறைவு. இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

விற்பவர் முதலில் கிளியரன்ஸ் சதவீதத்தை நீட்டுவார், அதாவது நாட்டின் டிவி வீடுகளில் எத்தனை சதவீதத்துக்கு நிகழ்ச்சி போய்ச் சேருகிறது என்று. 70க்குக் கீழே என்றால் நாடு முழுக்க விற்கும் கம்பெனிகள் தயங்கும் என்பது பழைய கணக்கு. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்! ஒரு ஊரில் இரவு 7 மணிக்கு வருகிற அதே நிகழ்ச்சி இன்னொரு ஊரில் விடியற்காலை 2 மணிக்கு வரலாம், சதவீதத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கும். ஊர், நிலையம், நேரம் மூன்றும் உள்ள பட்டியலைக் கேட்டு வாங்கி, உங்கள் வாடிக்கையாளரின் பெரிய ஊர்கள் எந்த நேரத்தில் விழுகின்றன என்று வரிவரியாகப் பாருங்கள்.

ரேட்டிங்கிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே எபிசோட் இரண்டு தடவை ஓடினால் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் முறை சிண்டிகேஷனில் உண்டு. இரண்டு தடவையும் பார்த்தவர் அதில் இருவராகக் கணக்காவார். கூட்டிய எண்ணா, தனி எண்ணா என்று நேரடியாகக் கேளுங்கள்.

கடைசியாக மேக்குட். சொன்ன ரேட்டிங் வராவிட்டால் ஈடாகக் கூடுதல் ஸ்பாட் தருவார்கள், ஆனால் எப்போது தருவார்கள் என்பதில்தான் சிக்கல். நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே விற்பனைக்கான விளம்பரத்துக்கு ஜனவரியில் ஈடு கிடைத்தால், தீபாவளி முடிந்தபின் தேக்காவில் புடவை விளம்பரம் போட்ட மாதிரிதான். எந்தத் தேதிக்குள் ஈடு, எந்த நேரத்தில், அது முடியாவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.