பலூன் பார்க்கப் போனால் கிழக்கே பார்க்காதீர்கள்

புதுச்சேரிக்காரருக்கும் கடலூர்க்காரருக்கும் சூரிய உதயம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீச் ரோட்டுப் பாறையிலோ தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலிலோ விடியும் நேரத்துக்குப் போய்க் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் போதும், மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும். இந்தப் பழக்கத்தோடு, ஆட்கள் ஏறிப் பறக்கும் ராட்சத வெப்பக்காற்று பலூன் பார்க்கக் கிளம்புவதில்தான் சிக்கல். பொங்கலை ஒட்டிப் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் திருவிழாவுக்குப் போகிறவர்களும் சரி, பிரான்சிலிருக்கும் சொந்தக்காரர்களோடு சேர்ந்து துருக்கியின் கப்படோக்கியாவுக்குப் போகிறவர்களும் சரி, பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

முதலில் நேரம். ஆறே முக்காலுக்கு உதயம் என்றால் ஆறரைக்குப் போனால் போதும் என்ற கடற்கரைக் கணக்கு இங்கே உதவாது. பலூன் வேடிக்கையில் பாதி தரையிலேயே நடந்துவிடும். துணியை நீளமாக விரித்துப் போட்டு, பெரிய மின்விசிறியால் வெறும் காற்றை அடைப்பார்கள். பலூன் படுத்தபடியே பருக்கும். பிறகு பர்னரை, அதாவது தீ கக்கும் எரிவாயு அடுப்பை, திருப்பித் தீயை உள்ளே பாய்ச்சியதும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து நிற்கும். இருட்டு விலகாத அந்த நேரத்தில், தீ சீறும் ஒவ்வொரு முறையும் துணி முழுக்க உள்ளிருந்து ஒளிர்ந்து அணையும். வெயில் வந்துவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது. உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். தாமதமாகப் போனால் காத்திருந்து பார்க்கவும் வழியில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று மேலெழும்பிப் புரட்ட ஆரம்பிக்கும் என்பதால், உதயத்துக்குப் பின் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எல்லாரும் இறக்கிவிடுவார்கள்.

வெளிநாடு போகிறவர்கள் உதய நேரத்தைத் தனியாகப் பாருங்கள். கப்படோக்கியாவில் ஜூன் மாதம் ஐந்தேகால் வாக்கிலேயே விடிந்துவிடும். ஜனவரியில் எட்டு மணி ஆகும்.

இனி, எந்தப் பக்கம் பார்ப்பது? கிழக்கே பார்த்து நின்றால், சூரியன் கொஞ்சம் மேலே வந்ததும் பலூன்களெல்லாம் கறுப்பு உருண்டைகளாகத்தான் தெரியும். நிழலுருவப் படம்தான் வேண்டும் என்பவருக்கு அது சரி. சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்க வேண்டுமானால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ இருக்க வேண்டும். இதை ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். பீச் ரோட்டில் ஒரு காலை கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, பழைய கலங்கரை விளக்கத்தின் மேல் முதல் வெயில் விழுவதைப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரே அவ்வளவு பளிச்சென்று எழும் என்றால், பலூன் துணிக்குக் கேட்கவா வேண்டும்?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கிழக்குப் பக்கமாகப் போய் நின்றுவிட்டாலும் தப்பு. பலூனுக்குச் சுக்கான் கிடையாது. மேலேயும் கீழேயும் போக மட்டும்தான் ஓட்டுநரால் முடியும். ஒவ்வொரு உயரத்திலும் காற்று வேறு வேறு திசையில் அடிப்பதால், உயரத்தை மாற்றி மாற்றித் தனக்கு வேண்டிய காற்றைப் பிடித்துக்கொள்வார். பொள்ளாச்சியில் ஜனவரியில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே, பாலக்காட்டுக் கணவாயை நோக்கித்தான் காற்று இழுக்கும். 2025 ஜனவரியில் அங்கே கிளம்பிய பலூன் ஒன்று மாநில எல்லையையே தாண்டிப் பாலக்காடு மாவட்டத்து வயலில் போய் இறங்கியது. ஆகவே கிழக்கில் நின்றால் பலூன் உங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். நேர் மேற்கில் நின்றால் தலைக்கு மேலேயே வரும், ஆனால் வெயில் கண்ணைக் கூசும்.

நடுவழி ஒன்று உண்டு. பொங்கல் சமயத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, தெற்கே நன்றாகச் சாய்ந்துதான் வரும். அதனால் பலூன் போகும் பாதைக்குத் தெற்கே ஒரு கிலோமீட்டர் போல ஒதுங்கி, வடக்கோ வடமேற்கோ பார்த்து நில்லுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வரும், பலூன்கள் வரிசையாகக் குறுக்கே கடக்கும். என்னைக் கேட்டால் திருவிழா மைதானத்தின் முன்வரிசையைவிட இந்த இடம்தான் மேல். பலூன்கள் எழும்பியதும் வண்டியில் ஐந்து நிமிடத்தில் மாறிக்கொள்ளலாம்.

‘போன வருஷம் இந்த மேட்டிலிருந்துதான் சூப்பராகத் தெரிந்தது’ என்று இணையத்தில் யாரோ போட்ட படத்தை நம்பி அங்கேயே போய் நிற்பதும் இதே வகைத் தவறுதான். போன வருஷக் காற்று போன வருஷத்தோடு போயிற்று. முந்தின இரவே விண்டி (Windy) மாதிரியான வானிலைச் செயலியில் காற்றைப் பாருங்கள். தரைமட்டக் காற்றை மட்டும் பார்த்தால் போதாது, மேலே சில நூறு மீட்டரில் எப்படி என்றும் பாருங்கள். காலையில் குழுவினர் கிளம்பும் முன் சின்ன ஹீலியம் பலூன் ஒன்றை விட்டுப் பார்ப்பார்கள். அது எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தால் செயலியே தேவையில்லை.

பொள்ளாச்சியில் இன்னொரு தொல்லை தென்னந்தோப்பு. கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் வானத்தை மறைத்துவிடும். அரை கிலோமீட்டர் தொலைவில் நூறு மீட்டர் உயரத்தில் ஒரு பலூன் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் இருபது மீட்டர் என்றால், உங்களுக்கும் தோப்புக்கும் இடையே நூறு மீட்டராவது வெட்டவெளி இருந்தால்தான் அது தெரியும். தோப்போரச் சாலையில் காரை நிறுத்திக் காத்திருப்பவர்களுக்குக் கேட்பது பர்னர் சத்தம் மட்டும். ஏரிக்கரை, அறுவடை முடிந்த வயல், காய்கறிக் கொல்லை மாதிரித் திறந்த இடமாகத் தேடுங்கள். வயலுக்குள் கால் வைக்கும் முன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உயரமான இடமே சிறந்த இடம் என்பதும் பாதிதான் உண்மை. பலூனைவிட உயரத்தில் நின்றால் பின்னணியில் வானம் போய் மண் வந்துவிடும். கப்படோக்கியாவின் உச்ஹிசார் கோட்டையில் ஏறினால் ஊரே தெரியும், பலூன்கள் மணிகளாகச் சிறுத்துவிடும். அங்கேயே கொரேமே என்ற ஊரை ஒட்டிய தாழ்ந்த குன்றுகளில் நின்றால் கண்மட்டத்திலேயே கடந்து போகும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பலூன் வந்தால் ஏன் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டும் என்று நம் ஊரில் பலரும் கேட்பதுண்டு. நியாயம்தான். 2025-இல் அதே திருவிழா ஜனவரி 10 முதல் 12 வரை அந்தச் சாலையோரத் திருவிடந்தையில் நடந்தது, பிறகுதான் பொள்ளாச்சிக்கும் மதுரைக்கும் போனது. ஆனால் கடலோரத்தில் விடிகாலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பது வழக்கம். கயிற்றை அவிழ்த்துவிட்டால் இறங்க இடம் தண்ணீர்தான். அதனால் கரையோரத்தில் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவதையே எதிர்பார்த்துப் போங்கள். அதற்கு ஒதுங்கி நிற்பதெல்லாம் வீண், கிட்டத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். சாயங்காலம் இருட்டியபின் பர்னர் வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் அழகு.

பலூன் இறங்கும்போது ஓடிப்போய் அடியில் நிற்காதீர்கள். கூடை தரையில் தட்டி இழுபடும், கடைசி நொடியில் ஓட்டுநரால் விலக்க முடியாது. பின்தொடரும் ஜீப்புக்கு வழியை விடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கடைசியாகப் பயணத் திட்டம். புதுச்சேரியிலிருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறி, விடியும்போது கோவையில் இறங்கி, அங்கிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் பலூன்கள் தரைக்கு வந்திருக்கும். முந்தின நாள் மாலையே பொள்ளாச்சியில் இருங்கள், தங்க இரண்டு இரவுக்கு அறை போடுங்கள். காற்று கொஞ்சம் பலமாக இருந்தாலோ பனிமூட்டம் விலகாவிட்டாலோ அன்றைய பறப்பை ரத்து செய்துவிடுவார்கள். கையில் இன்னொரு காலை இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பொங்கல் கூட்டத்தில் கடைசி நேரத்தில் பயண டிக்கெட் கிடைக்காது, டிசம்பரிலேயே போட்டுவிடுங்கள்.